கால் எலும்பு 5 மாசமாச்சு, இன்னும் கூடல. ஏன்?

காசிமேடு_குமார்:
மாமாவுக்கு 44 வயசு. கணுக்காலுக்கு நாலஞ்சு விரல் மேல பெரிய எலும்பு உடைஞ்சு, ராடு போட்டு 5 மாசம். கை உடைஞ்சா 6 வாரத்துல கட்டு பிரிக்கிறாங்க, காலுக்கு மட்டும் ஏன் இவ்ளோ நாள்? புத்தூர் போய் கட்டு போடலாம்னு வீட்ல பேச்சு.

பிசியோ_பெரம்பூர்:
கையோட காலை ஒப்பிடாதீங்க. மணிக்கட்டு பஞ்சு மாதிரி எலும்பு, ரத்தம் நிறைய, 6 வாரம் போதும். விரலுக்கு 3, 4 வாரம். நீங்க சொல்ற இடம்தான் ரொம்ப மோசம். தடவிப் பாருங்க, தோலுக்கு அடியில நேரா எலும்பு, சதையே கிடையாது. ரத்த ஓட்டமும் கம்மி. 4, 5 மாசம் சகஜம். தோல் கிழிஞ்சு எலும்பு வெளிய வந்திருந்தா இன்னும் இழுக்கும். 9 மாசம் ஆகி, கடைசி 3 மாச எக்ஸ்ரேல மாற்றமே இல்லன்னாதான் பொதுவா 'கூடல'ன்னு முடிவு பண்ணுவாங்க.

தியேட்டர்_டெக்னீசியன்:
எக்ஸ்ரே நேரா ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு எடுங்க. மொத்தம் நாலு ஓரம் தெரியும், மூணுல பாலம் கட்டியிருந்தா கூடிடுச்சு. முனை ரெண்டும் யானைக்கால் மாதிரி தடிச்சு நடுவுல கோடு தெரிஞ்சா, எலும்புக்கு உயிர் இருக்கு, ஆட்டம்தான் ஜாஸ்தி. அதுக்குத் தடிமனான ராடு மாத்துவாங்க. முனை பென்சில் மாதிரி கூராயிருந்தா இடுப்பெலும்புல இருந்து சுரண்டி எடுத்து வைக்கணும். சீழ் இருந்தா அதைத்தான் முதல்ல பாக்கணும். இன்னொண்ணு, பக்கத்து சின்ன எலும்பு முன்னாடியே கூடிட்டா முட்டுக்கட்டையா நின்னு பெரிய எலும்போட இடைவெளியை மூட விடாது. சில பேருக்கு ராடை நகரவிடாம பூட்டியிருக்கிற வட்ட ஓட்டை ஸ்க்ரூவை மட்டும் கழட்டிட்டு, கால் ஊனி நடக்க விடுவாங்க. வெயிட் விழ விழ முனைகள் நெருங்கும்.

தண்டையார்பேட்டை_நர்ஸ்:
பீடி உண்டா? நிகோட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கிடும், கூடறது தள்ளிப் போகும். மூணு மாச சராசரி சுகர், வைட்டமின் டி ரெண்டும் பாருங்க. வலி மாத்திரையை மெடிக்கல் ஷாப்ல கேட்டு மாசக்கணக்கா போடாதீங்க. ஆட்டுக்கால் சூப் ருசிக்குக் குடிக்கலாம், எலும்பை ஒட்டாது. உள்ள ராடு இருக்கறப்ப வெளிய கட்டுறதுல பிரயோஜனம் இல்ல, இறுக்கினா விரல் மரத்துப்போகும்.

காசிமேடு_குமார்:
தினம் ஒரு கட்டு பீடி. சுகர் பாத்ததே இல்ல. தோல் கிழியல. திங்கக்கிழமை ஸ்டான்லி ஓ.பி.க்குக் கூட்டிட்டுப் போறேன்.

தியேட்டர்_டெக்னீசியன்:
ஆபரேஷன் முடிஞ்சதுல இருந்து எடுத்த எல்லா எக்ஸ்ரேவும் கையில இருக்கட்டும். புதுசு ஒண்ணை மட்டும் வெச்சு வளருதா நின்னுடுச்சான்னு சொல்ல முடியாது.