மழை விடும் மாதத்தில் வீட்டு வேலையும் தோட்ட வேலையும்: எதை முதலில் செய்வது?

கேள்வி: திருவட்டார்க்காரன்

வணக்கம். கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டார் அருகே 35 சென்ட் நிலத்தில் எங்கள் குடும்ப வீடு இருக்கிறது. முன்பகுதி கான்கிரீட், பின்பகுதியும் சமையலறையும் ஓட்டுக்கூரை. தோட்டத்தில் காய்க்கும் தென்னை 14, நல்லமிளகுக் கொடி 8, ஏத்தன் (நேந்திரன்) வாழை 40 மூடு, சமையலறைப் பக்கம் சாய்ந்து நிற்கும் பலா ஒன்று ஆகியவை உள்ளன. அப்பாவுக்கு வயது 74 ஆகிவிட்டதால் ஏணியில் ஏறும் வேலை எதையும் இனி அவரிடம் விட முடியாது. எனக்கு டிசம்பர் 12 முதல் ஜனவரி 5 வரை விடுப்பு கிடைத்திருக்கிறது. அதற்குள் ஓடு மாற்றுவது, சுவருக்கு வெள்ளையடிப்பது, பலாக்கொம்பு வெட்டுவது, கிணறு இறைத்துத் தூர் வாருவது, தென்னைக்குத் தடம் (மூட்டைச் சுற்றி வட்டப் பாத்தி) எடுத்து உரம் வைப்பது, மிளகு பறிப்பது என்று ஆறு வேலைகளைக் குறித்து வைத்திருக்கிறேன்.

2023-இல் இதேபோல் ஊருக்கு வந்தபோது முதல் வேலையாகச் சுவருக்குச் சாயம் பூசினேன். டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய பெருமழையில் சுவர் ஊறி, பூசிய சாயம் ஒரு மாதத்திற்குள் அப்பளம்போல் பொரிந்து உதிர்ந்தது. தவறு என்னுடையதுதான். இம்முறை வரிசையைச் சரியாக அமைக்க விரும்புகிறேன்; அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கல்குளத்து விவசாயி

தம்பி, உங்கள் விடுப்புத் தேதிகளை வைத்து வேலைகளை அடுக்கியிருக்கிறீர்கள். மழையை வைத்து அடுக்கிப் பாருங்கள், ஆறில் இரண்டு தானாகவே கழன்றுவிடும். நம் மாவட்டம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையையும் துலா (வடகிழக்குப் பருவ) மழையையும் வாங்குகிற ஊர். துலா மழை கார்த்திகையோடு முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு மார்கழியில் ஏமாந்தவர்கள் ஏராளம்.

முதல் வேலை பலாக்கொம்பு. உண்மையில் அதை ஆவணி, புரட்டாசியிலேயே முடித்திருக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது இங்கே ரப்பரும் வாழையும் தென்னையும் விழுந்த விதத்தைக் கண்ணால் பார்த்தவர்கள், வீட்டின் மேல் சாய்ந்த கொம்பை வைத்துக்கொண்டு ஐப்பசிக்குள் நுழையமாட்டார்கள். போகட்டும். வந்த இரண்டாம் நாளே ஆள் வைத்து, கொம்பின் நுனிப் பாரத்தை முதலில் குறைத்து, கயிறு கட்டி இறக்கச் சொல்லுங்கள். ஓடு மாற்றிய பிறகு கொம்பை வெட்டினால் புது ஓடுதான் முதலில் உடையும். பலா தாய்த்தடியிலும் பருத்த கொம்புகளிலும் பிஞ்சு விடும் காலம் நெருங்குவதால், கூரைக்கு மேலே நீண்டதை மட்டும் வெட்டுங்கள். அழகுக்காக மரத்தை மொட்டையடிக்க வேண்டாம்.

அடுத்தது தென்னை. ஐந்து வயதைத் தாண்டிய மரத்திற்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, 2 கிலோ சூப்பர் பாஸ்பேட், 2 கிலோ பொட்டாஷ், 50 கிலோ தொழுவுரம் என்பது பரிந்துரை. இரசாயன உரத்தை ஜூன்-ஜூலையில் ஒரு பாதி, டிசம்பர்-ஜனவரியில் மறுபாதி என்று பிரித்து இட வேண்டும். உங்கள் 14 மரங்களுக்கு இப்போது தேவைப்படுவது யூரியா சுமார் 9 கிலோ, மற்ற இரண்டும் 14 கிலோ வீதம். தடியிலிருந்து 1.8 மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறடி ஆரத்தில் வட்டத்தடம் எடுத்து, மண் ஈரமாக இருந்து நீர் தேங்காமல் இருக்கும் நாளாகப் பார்த்து இட்டு, கிளறி மூடுங்கள். மழை மூட்டமாக இருக்கும் நாளில் உரம் வைத்தால் அது பக்கத்து ஓடைக்குத்தான் உணவாகும்.

உரத்தோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். கோதையாற்றுப் பாசனக் கால்வாய்களில் தண்ணீர் பொதுவாகப் பிப்ரவரி கடைசி வரைதான் ஓடும். அதன் பின் கிணற்று ஊற்றும் இறங்கத் தொடங்கும். ஆகவே இப்போதைய ஈரத்தைத் தடத்திலேயே பிடித்து வைக்க வேண்டும். ஒரு தடத்திற்கு ஏறக்குறைய 100 தொண்டுகளை (தேங்காய் உரித்த மட்டைகளை), மேடான பக்கம் மேலே இருக்கும்படி கவிழ்த்துப் பரப்பலாம். தொண்டுகளை விற்றுவிட்டீர்கள் என்றால் காய்ந்த ஓலை 15 போதும். தேங்காய் வெட்ட ஆள் ஏறும் நாளிலேயே, குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் இடுக்குக்கு ஓர் அந்துருண்டையை வைத்து மணலால் மூடச் சொன்னால் காண்டாமிருக வண்டுக்கும் அது தடுப்பாகும். அதற்கென்று தனிக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

மறுமொழி: தக்கலை ஓட்டுவீடு

கல்குளத்து அண்ணன் சொன்னதை முழுவதும் ஏற்கிறேன். வீட்டைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

ஓட்டின் ஒழுக்கை வெயில் நாளில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மழை பெய்யும்போதே உள்ளே நின்று, நீர் இறங்கும் கழுக்கோலில் (ஓட்டைத் தாங்கும் சாய்ந்த மரச்சட்டத்தில்) சுண்ணக்கட்டியால் குறி போட வேண்டும். இதற்கு ஏணி தேவையில்லை. நீண்ட கம்பின் நுனியில் சுண்ணக்கட்டியைக் கட்டினால் போதும் என்பதால், அப்பா இன்றிலிருந்தே இதைச் செய்யலாம். நீங்கள் வந்து இறங்கும்போது எத்தனை ஓடு வாங்குவது என்ற கணக்கு தயாராக இருக்கும். ஓட்டின் மேல் நேரடியாகக் கால் வைக்காமல், கழுக்கோல்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதில் நிற்கச் சொல்லுங்கள். பாசி பிடித்த ஓடு எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்.

ஆள் கிடைப்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். டிசம்பர் 20-க்குப் பிறகு நம் ஊர்ப்பக்கம் கிறிஸ்துமஸ் வேலைகள் சூடு பிடித்துவிடும்; புத்தாண்டு கழியும் வரை நல்ல ஓட்டு ஆசாரி ஒருவரும் அகப்படமாட்டார். ஆகவே கொம்பும் கூரையும் முதல் எட்டு நாட்களுக்குள் முடிந்தாக வேண்டும்.

வெள்ளையடிப்பதை இந்த விடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். சுவர் காய்ந்ததா என்று அறிய, ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளின் நான்கு விளிம்பையும் சுவரில் ஒட்டி ஓர் இரவு விட்டுப் பாருங்கள். காலையில் உட்புறம் நீர்த்துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் ஈரம் என்று பொருள். எங்கள் வீட்டில் தை பாதிக்கு முன் ஒரு தடவைகூட இந்தச் சோதனை தேறியதில்லை.

மறுமொழி: குலசேகரம் தோட்டக்காரி

கிணறு பற்றி யாரும் சொல்லவில்லையே! டிசம்பரில் கிணறு வாய் வரை நிறைந்து கிடக்கும். இறைக்க இறைக்க ஊறும். டீசல் காசுதான் செலவு. தூர் வாருவது சித்திரைக்குரிய வேலை. இப்போது செய்ய வேண்டியது, மழைநீர் கலந்த கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் இடுவது மட்டுமே. நல்ல தரமான தூள் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது கணக்கு. 2 மீட்டர் விட்டமும் 5 மீட்டர் நீரும் உள்ள கிணற்றில் சுமார் 15,700 லிட்டர் இருக்கும். அதற்கு 40 கிராம் போதும். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இரவில் ஊற்றி, காலையில் பயன்படுத்துங்கள். அள்ளி அள்ளிக் கொட்டினால் தண்ணீர் வாயில் வைக்க முடியாது.

மிளகில் அவசரம் வேண்டாம். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்த பிறகே பறிக்க வேண்டும். எல்லாக் கொடியும் ஒரே நாளில் பருவத்திற்கு வராது. உதிர்த்த மணியைக் கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து உலர்த்தினால் நிறம் ஒரே சீராகக் கறுக்கும். வெயில் உறுதியானால்தான் இதில் கை வைக்க வேண்டும், இல்லையேல் பூசணம் பிடிக்கும். உங்கள் கடைசி வாரத்திற்கு இது பொருத்தமான வேலை. குலை தள்ளிய ஏத்தனுக்கு முட்டு கொடுப்பதை மட்டும் நீங்கள் வரும் வரை தள்ளிப்போடாதீர்கள்; அதை அப்பாவே ஆள் வைத்து இப்போதே செய்யட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வெள்ளையடிப்பையும் கிணற்றையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னதும், நேற்றைய மழையில் ஏழு இடங்களில் குறி போட்டுவிட்டார். அவற்றில் நான்கு, சமையலறைக் கூரையும் பின்கூரையும் சேரும் பள்ளத்தை ஒட்டியே வருகின்றன; பலா இலை அடைத்து நீர் பின்வாங்குகிறது என்பது அவர் கணிப்பு.

தக்கலை ஓட்டுவீடு

அப்படியானால் ஓடு வாங்குவதற்கு முன் அந்தப் பள்ளத்தை அடியோடு சுத்தம் செய்து, அடுத்த மழை வரை பொறுத்துப் பாருங்கள். மூன்று ஓட்டோடு வேலை முடிந்துவிடலாம்.