மூன்றாவது முறையும் எம்.ஆர்.எஸ்.ஏ பாசிட்டிவ், அடுத்து எதைப் பார்ப்பது?

தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர் நான். காய்ச்சல், கொப்புளம், புண் எதுவும் கிடையாது. ஆனால் 4 மாதத்தில் மூன்றாவது முறையாக மூக்கு ஸ்வாபில் (பஞ்சுக் குச்சியால் எடுக்கும் மாதிரி) எம்.ஆர்.எஸ்.ஏ, அதாவது பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கட்டுப்படாத ஸ்டாஃப் பாக்டீரியா, பாசிட்டிவ்.

இதுவரை இரண்டு சுற்று சிகிச்சை முடிந்தது. ஒவ்வொன்றிலும் 5 நாள், 2% முபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு இரண்டு மூக்குத் துளையிலும். கூடவே 4% குளோர்ஹெக்சிடின் (கிருமிநாசினி) குளியல், தலைக்கும் சேர்த்து. துண்டு, தலையணை உறை தினமும் மாற்றினேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நெகட்டிவ், அப்புறம் ஆறேழு வாரத்தில் திரும்ப வந்துவிடுகிறது.

தொண்டை ஸ்வாப் எடுக்கவே இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் பார்க்கவில்லை. முபிரோசினுக்கே எதிர்ப்பு வந்துவிட்டதோ என்ற சந்தேகமும் உண்டு. என் கையால் ஒரு நோயாளிக்குப் போய்விடக் கூடாது, அதுதான் பயமே.

தொற்றுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: மூன்றாவது சுற்றுக்கு முன் இவற்றில் எதை முதலில் பரிசோதிக்கச் சொல்லிக் கேட்கட்டும்?