மருத்துவரின் இன்டெம்னிட்டி பாலிசியிலிருந்து நோயாளி நேராக இழப்பீடு கேட்க முடியுமா?

திருப்பாதிரிப்புலியூரான் கேட்டது:

சென்ற ஆவணியில் என் தாயாருக்குப் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பித்தப்பைக் கல்லுக்காக லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய நான்காம் நாள் கண்கள் மஞ்சளாகிவிட்டன. வேறு மருத்துவமனையில் சேர்த்தபோது, பித்தநாளம் சேதமடைந்திருப்பதாகக் கூறி வயிற்றைத் திறந்து மீண்டும் அறுவை செய்தார்கள். முதல் மருத்துவமனைக்கு 1,40,000 ரூபாய் கட்டினோம். இரண்டாவது இடத்தில் அதைப் போல இரு மடங்கு ஆயிற்று. விளக்கம் கேட்கப் போன என்னிடம், "டாக்டருக்கு இன்டெம்னிட்டி பாலிசி இருக்கிறது, எதுவானாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அப்படியானால் அந்தக் காப்பீட்டு நிறுவனத்திடமே மனுக் கொடுக்கலாமா? வழக்குத்தான் வழியென்றால் நாங்கள் வசிக்கும் கடலூரிலா, புதுச்சேரியிலா?

மஞ்சக்குப்பம் வழக்குரைஞர் எழுதியது:

நேராகக் கேட்க இயலாது. அந்த பாலிசி மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். மருத்துவர் சட்டப்படி கொடுக்க வேண்டிய இழப்பீட்டையும் அவருடைய வழக்குச் செலவையும் ஏற்பதே அதன் நோக்கம். ஆகவே கவனக்குறைவு நடந்தது என்று முதலில் நிலைநாட்ட வேண்டும், அல்லது நிறுவனத்தின் சம்மதத்தோடு சமரசம் ஏற்பட வேண்டும். ஆனால் புகார் மனுவில் மருத்துவமனை, மருத்துவர் ஆகியோருடன் காப்பீட்டு நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது வழக்கத்தில் உள்ளது.

கட்டணம் பெற்றுச் செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகள் இதில் வரா. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்யலாம் என்பதால், எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டிப் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையமே போதும். செலுத்திய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டதாக இருந்தால் மனுவுக்குக் கட்டணமில்லை. காலவரம்பு இரண்டு ஆண்டுகள். முதல் வேலையாக, கேஸ் ஷீட் (சிகிச்சைப் பதிவேடு) நகலை எழுத்து மூலம் கேளுங்கள்; 72 மணி நேரத்துக்குள் அவர்கள் தர வேண்டும்.

புதுவை அறுவை மருத்துவர் எழுதியது:

நானும் ஆண்டுதோறும் இந்த பிரீமியம் கட்டுபவன் என்பதால் மறுபக்கத்தைச் சொல்கிறேன். பித்தநாளக் காயம் கவனமான கைகளிலும் நேரக்கூடிய சிக்கல்தான். காயம்பட்டது என்பதைவிட, அதை உரிய நேரத்தில் கண்டறிந்தார்களா, அறுவையின்போது உடற்கூறு தெளிவாகத் தெரியாதபோது என்ன செய்தார்கள் என்பதே கேள்வியாகும்; அறுவைக் குறிப்பில் அதைத்தான் தேட வேண்டும்.

"கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்பது அவ்வளவு எளிதல்ல. அறுவை நடந்த ஆண்டின் பாலிசி அல்ல, உரிமைகோரல் வந்து சேரும்போது நடப்பில் உள்ள பாலிசியே பொதுவாகப் பதில் சொல்லும். 2024இல் செய்த அறுவைக்கு 2026இல் நோட்டீஸ் வந்தால், இடையில் ஓராண்டு புதுப்பிக்கத் தவறிய மருத்துவர் தன் கைப்பணத்தைத்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஒரு சம்பவத்துக்கு இவ்வளவு, ஓராண்டுக்கு மொத்தம் இவ்வளவு என்ற உச்சவரம்பும் உண்டு. மது அருந்திவிட்டுச் செய்த சிகிச்சைக்கும், நீதிமன்றம் விதிக்கும் அபராதத்துக்கும் பாதுகாப்பு கிடையாது. மருத்துவமனை தனக்கென்று வேறு பாலிசி எடுக்க வேண்டும். வெளியிலிருந்து வந்து சிகிச்சை தரும் மருத்துவரின் பாலிசி அதற்குப் பொருந்தாது.

இன்னொன்று: நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றித் தவறை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பது என் பாலிசியில் உள்ள நிபந்தனை. குடும்பத்தார் எதிரே உட்கார்ந்து கேட்கும்போது மருத்துவர் வாயடைத்துப் போவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நடந்ததை விளக்குவது வேறு, குற்றத்தை ஒப்புக்கொள்வது வேறு. எங்களில் பலர் இரண்டையும் குழப்பிக்கொண்டு, தேவையில்லாத வழக்குகளை நாங்களே வரவழைக்கிறோம்.

திருப்பாதிரிப்புலியூரான்:

இருவருக்கும் நன்றி. நேற்று கேஸ் ஷீட் கேட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிட்டேன். என்னிடமிருக்கும், அறுவைக்குச் சம்மதம் தரும் ஒப்புதல் படிவத்தின் நகலைப் பார்த்தால், ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்தத் தாளில் என் கையெழுத்து மட்டுமே உள்ளது. அம்மா அப்போது நல்ல நினைவோடு பக்கத்துக் கட்டிலில்தான் உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

மஞ்சக்குப்பம் வழக்குரைஞர்:

அதை மனுவில் தனிப் பத்தியாக எழுதுங்கள். நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியின் ஒப்புதலை அவரிடமே பெற வேண்டும் என்பது 2008ஆம் ஆண்டு சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. பித்தநாளக் காயத்துக்கு அது சான்றாகாது. அதற்கு வேறொரு அறுவை மருத்துவரின் எழுத்துப்பூர்வக் கருத்துத் தேவைப்படும். இரண்டாவது மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியை அவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.