முனியம்மா ஆயா வீட்டார்: ஆடிக் கூழ்

சரோஜா: ஞாயிறு கூழுக்கு இன்னும் 1,800 ராண்ட் குறைகிறது. சோளமாவு, மோர் ரெண்டும் வாங்கவில்லை. டர்பன் சாட்ஸ்வர்த் வீட்டில்தான் ஊற்றுகிறோம்.

செல்வி: நான் சனிக்கிழமையே போட்டுவிட்டேன்

மலர்: எல்லோருக்கும் ஒரு வேலை. என் படிப்புக்கான படிவம் அனுப்பியிருக்கிறேன், 8 கேள்விதான், பெயர் கேட்காது. சட்டவிரோத ஆன்லைன் சூதாட்டத் தளங்களில் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கணக்கு.

குமார்: இந்தக் குழுவில் ஒருவரும் இல்லை

ராஜா: 😇

மலர்: அதுதான் மாமா சிக்கல். நேராகக் கேட்டால் எல்லோரும் இல்லை என்பார்கள். பிரிட்டனில் சூதாட்ட ஆணையம் தளங்களுக்கு வரும் ஆட்களின் வருகையை வைத்துக் கணிக்கிறது. அதிலும் ஓட்டை. விபிஎன் போட்டவர் வேறு நாட்டில் இருப்பதுபோல் தெரிவார். ஃபோனிலும் லேப்டாப்பிலும் திறந்தால் ஒரே ஆள் ரெண்டாகிவிடுவார். எட்டிப் பார்த்தவரெல்லாம் பணம் கட்டினவரும் இல்லை. தளத்தை முடக்கினால் வேறு முகவரியில் அதே தளம் வந்து நிற்கும்.

செல்வி: விபிஎன் வைரஸா?

குமார்: ஆயாகூட ஃபாஃபீ எண் சூதாட்டம் ஆடினதே இல்லை. 36 எண்ணும் கனவுப் பலனோடு மனப்பாடம், அவ்வளவுதான். காலையில் கனவைக் கேட்ட பிறகுதான் டீயே தருவார்.

சரோஜா: ஆயாவை இழுக்காதே. உன் ஸ்கூல் ஷூ அந்தக் காசில் வந்தது.

ராஜா: மலர், கிரிக்கெட் பந்தயம் சரிதானே?

மலர்: தளத்துக்கு மாகாணச் சூதாட்ட வாரியத்தின் உரிமம் இருந்தால் சரி மாமா. ஆன்லைன் கேசினோ நம் தென்னாப்பிரிக்காவின் 2004 சூதாட்டச் சட்டப்படி கூடாது. அதை அனுமதிக்க 2008இல் திருத்தம் நிறைவேறியும் இன்னும் அமலுக்கு வரவில்லை. அங்கே ஜெயித்த பணத்தையும் அரசு எடுத்துக்கொள்ள முடியும்.

ராஜா: ஜெயித்ததையுமா??

சரோஜா: உனக்கெதற்கு?

ராஜா: பொது அறிவுக்கு அக்கா

சரோஜா: போன வருஷக் கூழ்ப் பணமும் பொது அறிவுக்குத்தான் மூணு வாரம் உன்னிடம் இருந்ததா?

ராஜா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வி: நான் படித்துவிட்டேன்

மலர்: 5 பேர் நிரப்பியாச்சு. ஒருவர் ‘ஆம்’.

குமார்: யார்?

மலர்: பெயர் கேட்காது என்றேனே

செல்வி: நான்தான். தெரியாமல் விரல் பட்டுவிட்டது.

மலர்: 8 கேள்விக்குமா சித்தி?

செல்வி: பெரிய அண்டா யாரிடம் இருக்கிறது?

குமார்: ராஜாவிடம். பணத்தையும் அவனிடமே போடவா?

சரோஜா: வேண்டாம். என் கணக்கில்.

குமார்: நாளைக்குப் பார்க்கிறேன்