வி.பி.என். சான்றிதழ்ச் சரிபார்ப்பு: ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் கண்டவை

காட்பாடி உறுப்பினர்:

ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தின் நெட்வொர்க்கைப் பராமரிக்கிறேன். கணக்குப் பிரிவினர் சத்துவாச்சாரியிலும் ஆற்காட்டிலும் வீட்டிலிருந்தபடியே ஓபன்விபிஎன் என்ற மென்பொருள் மூலம் வேலை பார்க்கிறார்கள். இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் மறையாக்கப்பட்ட பாதைதான் வி.பி.என். அதற்கு யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த அமைப்புக் கோப்புதான் இன்றுவரை கைமாறி வந்தது. இணைப்பு மெதுவாக இருப்பதாக ஒருவர் சொல்ல, பதிவுக் கோப்பைத் திறந்தேன். சர்வரின் சான்றிதழை, அதாவது அதன் டிஜிட்டல் அடையாள அட்டையை, சரிபார்க்கும் முறை எதுவும் இயக்கப்படவில்லை என்று எச்சரிக்கை இருந்தது. ஒவ்வொரு இணைப்பிலும் அது வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது; எவரும் படிக்கவில்லை.

அந்த நிலையில் மென்பொருள், சான்றிதழில் கம்பெனியின் கையொப்பம் உண்டா என்று மட்டுமே பார்க்கும். சர்வருக்குத் தந்ததா, ஊழியருக்குத் தந்ததா என்று பார்க்காது. வேலையை விட்டுப்போனவரிடமும் அதே கையொப்பமுள்ள சான்றிதழ் இருக்கிறதே! அதை சர்வரில் ரத்து செய்திருந்தாலும், ரத்துப் பட்டியல் ஊழியர்களின் கணினிக்கு வராது. அவர் பொது வைஃபையில் தன்னை சர்வராகக் காட்டிக்கொண்டால் கடவுச்சொல் அவர் கைக்குப் போய்விடும்.

"நன்றாகத்தானே ஓடுகிறது சார்?" என்றார் உரிமையாளர். அவர் அனுமதியோடு, பழைய ஊழியர் சான்றிதழ் ஒன்றை வைத்து என் மடிக்கணினியை சர்வராக்கினேன். மேலாளரின் கணினி ஒரு தடையும் சொல்லாமல் அதனுடன் இணைந்தது. சரியான சர்வரோடு சேர்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். தவறான சர்வரை மறுக்கிறதா என்பதுதான் சோதனை.

மேலாளரின் அமைப்புக் கோப்பில், சர்வருக்கென்று தந்த சான்றிதழை மட்டுமே ஏற்கச் சொல்லும் ‘ரிமோட்-செர்ட்-டிஎல்எஸ் சர்வர்’ என்ற ஒரே வரியைச் சேர்த்தேன். உடனே அவர் கணினி உண்மையான சர்வரையே மறுத்துவிட்டது! அதன் பழைய சான்றிதழில் சர்வர் பயன்பாட்டுக்கானது என்ற குறிப்பே இல்லை. புதிய சான்றிதழ் போட்ட பிறகே சரியானது.

ஆம்பூர் உறுப்பினர்:

அண்ணா, அமைப்புக் கோப்பில் மட்டுமல்ல, மென்பொருளிலேயே இந்த ஓட்டை இருந்ததுண்டு. பாலோ ஆல்டோ என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் வி.பி.என். செயலியான குளோபல்புரொடெக்டில் சான்றிதழ்ச் சரிபார்ப்பு போதவில்லை என்று 2024 நவம்பரில் அந்த நிறுவனமே அறிவித்தது; பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2024-5921. அதே நெட்வொர்க்கில் இருக்கும் ஒருவர் செயலியைத் தன் சர்வரோடு சேர்த்து, போலி வேர்ச் சான்றிதழை (மற்ற சான்றிதழ்களை நம்பக் கணினி அடிப்படையாகக் கொள்ளும் சான்றிதழ்) கணினியில் பதித்துவிட முடியும். பிறகு அந்தச் சான்றிதழால் கையொப்பமிட்ட தீய மென்பொருளையும் நிறுவலாம். கடவுச்சொல் போவதைவிட இது மோசம்.

எங்கள் காலணித் தொழிற்சாலையில் விண்டோஸ் கணினிகளுக்குத் திருத்திய பதிப்பு 6.2.6-ஐ நிறுவினோம். பதிப்பை மாற்றினால் மட்டும் போதாது. சர்வரின் சான்றிதழிலிருந்து வேர்ச் சான்றிதழ்வரை செல்லும் சான்றிதழ்ச் சங்கிலியை முழுதாகச் சரிபார்க்கும் அமைப்பையும் நாமே இயக்க வேண்டும். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். வாணியம்பாடிக் கிளையில் இன்னும் சில கணினிகள் பாக்கி. திங்கட்கிழமை அங்கே போகிறேன்.