மன்றக் கூட்டத்தில் தலைவரின் கணவர் உட்கார்ந்தாரா, இல்லையா?

தேரடித் தெரு:
"ஒன்பதாம் வார்டு" என்ற பெயரில் இங்கே எழுதுபவர் நேற்று போட்ட செய்தியைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அவர் எழுதியது இதுதான்: "புதன்கிழமை பேரூராட்சி மன்றக் கூட்டம் அமைதியாக நடந்தது. 23 விவாதப் பொருட்களும் ஏகமனதாக நிறைவேறின. தலைவரின் கணவர் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார் என்பது வதந்தி." வதந்தியா? நான் அங்கேதான் இருந்தேன். தலைவர் இருக்கைக்குப் பின்னால், இரும்பு அலமாரியை ஒட்டி, நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மனிதர். ஏழாவது பொருள், தினசரிச் சந்தைக் கடைகளின் ஏலம். எழுத்தர் வாசித்து முடித்ததும் அம்மையார் திரும்பிப் பார்த்தார். இவர் தலையசைத்தார். "நிறைவேறியது" என்றார்கள். இதற்குப் பெயர் ஏகமனதா?

ஒன்பதாம் வார்டு:
தம்பி, கண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அவர் உட்கார்ந்தது தாழ்வாரத்தில். கதவு திறந்திருந்தால் தாழ்வாரத்தில் இருப்பவர் உள்ளே இருப்பதுபோலத்தான் தெரியும். உறுப்பினர்களுக்குப் போட்டிருப்பது மர நாற்காலி. அவர் உட்கார்ந்தது பிளாஸ்டிக் நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி பொதுமக்களுக்கானது என்று பேரூராட்சி அலுவலகத்துக்குப் போய்வந்த யாருக்கும் தெரியும். உங்களுக்குத் தெரியாது. ஏனென்றால் நீங்கள் வரி கட்டக்கூட அந்தப் பக்கம் வருவதில்லை.

தேரடித் தெரு:
அலமாரி தாழ்வாரத்திலா இருக்கிறது? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் அண்ணாச்சி.

பழைய எழுத்தர்:
இருவரும் சட்டம் தெரியாமல் சத்தம் போடுகிறீர்கள். பேரூராட்சிகளில் எழுத்தராகவும் தலைமை எழுத்தராகவும் இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் இருந்த காலத்திலேயே மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததுதான். தலைமை வகிப்பவர் காரணத்தைப் பதிவுசெய்து யாரையும் வெளியே போகச் சொல்லலாம், அவ்வளவுதான். இப்போது அந்தச் சட்டம் இல்லை. 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நெடுங்காலம் கிடப்பில் கிடந்து, 2023 ஏப்ரலில் விதிகளோடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. ஆகவே கணவர் கூடத்துக்குள் இருந்தாரா என்பது கேள்வியே அல்ல. பார்வையாளராக இருந்தாரா, மன்றத்தோடு இருந்தாரா என்பதுதான் கேள்வி. இதை முடிவு செய்ய ஒரே வழி, நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துப் போடப்பட்டிருந்தது என்பதைத் தெரிந்துகொள்வது. உறுப்பினர்களைப் பார்த்தா, தலைவரின் முதுகைப் பார்த்தா?

வடக்கு ரதவீதி:
நாற்காலி இருக்கட்டும். ஏழாவது பொருளில் என்ன இருந்தது என்று யாராவது எழுதுவீர்களா? சந்தையில் எத்தனை கடைகள் ஏலத்துக்கு வருகின்றன, முன்வைப்புத்தொகை எவ்வளவு? என் அத்தை அங்கே காய்கறிக் கடை வைத்திருக்கிறார். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பக்கத்துக்கு வந்தேன்.

ஒன்பதாம் வார்டு:
அலமாரி கதவுக்கு அருகில் இருக்கிறது. கதவுக்கு அருகில் என்றால் தாழ்வாரத்துக்கும் அருகில்தான். பழைய எழுத்தர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: தலைவர் அம்மாவை இந்த ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவரைக் கேள்வி கேட்கும் தகுதி பின்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இல்லை.

பழைய எழுத்தர்:
நேரடியாகவா! யார் சொன்னது? 2022 பிப்ரவரி 19 அன்று நீங்கள் போட்ட ஓட்டு உங்கள் வார்டு உறுப்பினருக்கு. தலைவரை மார்ச் 4 அன்று உறுப்பினர்கள் கூடி மறைமுகமாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1996, 2001 தேர்தல்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் மறைமுகம். 2011-ல் மறுபடி நேரடி. 2016-ல் மறைமுகம் என்று சட்டத்தைத் திருத்தினார்கள், தேர்தலே நின்றுபோனது. 2018-ல் மறுபடி நேரடி என்றார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். யார் கோட்டையில் உட்கார்ந்தாலும் தமக்கு எது தோதோ அதை வைத்துக்கொண்டார்கள். 2016 அக்டோபர் முதல் 2022 வரை நகர்ப்புறத்தில் மன்றமே இல்லை, தனி அலுவலர் ஆட்சி. அப்போது இந்த ஊரில் ஒருவராவது "மன்றம் எங்கே" என்று கேட்டீர்களா? இன்று நாற்காலிக்கு வந்துவிட்டீர்கள்.

நாற்காலி விஷயத்தில் என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்கிறேன்.

குற்றாலச் சாரல்:
துபாயிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊர் மாறவே மாறாது போலிருக்கிறது. பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு என்று 2016-ல் சட்டம் வந்தபோது பெருமைப்பட்டோம். இப்போது சுவரொட்டியில் அம்மாவின் படம் தபால்தலை அளவு, கணவரின் படம் ஆள் உயரம். மத்திய ஊராட்சி அமைச்சகமே இந்தக் கணவர் ஆட்சியை ஆராய 2023-ல் ஒரு குழு போட்டது.

ஒன்பதாம் வார்டு:
அந்தக் குழு கிராம ஊராட்சிகளுக்கு. நம்முடையது பேரூராட்சி. துபாயில் இருந்துகொண்டு எங்கள் தெருச் சாக்கடை வாறுகாலைப் பற்றிப் பேச வேண்டாம். ஊருக்கு வந்து ஒரு நாள் நின்று பாருங்கள், பிறகு பேசுங்கள்.

குற்றாலச் சாரல்:
நான் வாறுகாலைப் பற்றிப் பேசவே இல்லையே? நீங்களாக எடுத்துக்கொடுத்தீர்கள். சரி, பேசுவோம். என் வீட்டு முன்னால் ஓடும் வாறுகால் எப்போது தூர்வாரப்பட்டது? என் வீட்டுச் சொத்து வரியை அப்பா தவறாமல் கட்டிக்கொண்டிருக்கிறார்.

தேரடித் தெரு:
வரி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2022-ல் ஏற்றியபோது 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1200 வரை 50, 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று அறிவித்தார்கள். மன்றத்தில் அதை எதிர்த்து ஒரு கை உயர்ந்ததா? உயரவில்லை. காரணம் கேட்டால் அரசாணை என்பார்கள். சந்தை ஏலத்துக்கும் அரசாணையா? அதற்குத் தலையசைப்பு.

பஸ் நிலையம்:
கடை வைத்திருப்பவன் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பஸ் நிலையக் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது. பெண்கள் என் கடையில் வந்து கேட்கிறார்கள், நான் என்ன பதில் சொல்வது? 23 பொருட்களில் இது ஒன்றாவது இருந்ததா?

ஒன்பதாம் வார்டு:
கழிப்பறைக்கு ஒப்பந்தக்காரர் வரவில்லை. ஒப்பந்தப்புள்ளி கேட்டாகிவிட்டது. இதையெல்லாம் செயல் அலுவலரிடம் கேட்க வேண்டும், மன்றத்திடம் அல்ல. நல்லது நடந்தால் செயல் அலுவலர், கெட்டது நடந்தால் தலைவரின் கணவர். இதுதான் உங்கள் நியாயம். அவர் உட்கார்ந்தது பிளாஸ்டிக் நாற்காலி என்று எத்தனை தடவை சொல்வது?

பழைய எழுத்தர்:
செயல் அலுவலர் மன்றத் தீர்மானத்தை நிறைவேற்றுபவர். தீர்மானத்தைப் போடுவது மன்றம். ஒன்றின் பின்னால் மற்றொன்று ஒளிந்துகொள்வது இந்தத் துறையில் பழைய வழக்கம், நான் அதை நாற்காலிக்கு எதிரிலிருந்து பார்த்தவன். கூட்ட அறிவிப்பும் பொருள் பட்டியலும் மூன்று முழு நாட்களுக்கு முன் உறுப்பினர் கைக்குப் போக வேண்டும் என்று நாங்கள் வீடு வீடாகச் சென்று கையெழுத்து வாங்குவோம். இப்போது கைப்பேசியில் இரவு பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டு, காலையில் 23 பொருட்கள் என்கிறார்கள். உறுப்பினர்களில் எத்தனை பேர் படித்துவிட்டு வந்தார்கள்? மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் 2023-லிருந்து வருகிறதே, தலைவருக்குப் 10,000. படிப்பதற்கும் சேர்த்துத்தானே அது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரை யாரும் ஒழுங்காக ஓரிடத்தில் வைத்ததில்லை. 2004-ல் பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சிகள் ஆக்கினார்கள். 2006-ல் மறுபடி பேரூராட்சி. இரண்டு முறையும் பெயர்ப்பலகை, முத்திரை, ரசீதுப் புத்தகம் எல்லாவற்றையும் மாற்றியவர்கள் நாங்கள். இந்த ஊரின் நிர்வாகத்தைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஒன்பதாம் வார்டு:
ரசீதுப் புத்தகத்தை மாற்றினீர்கள், சரி. எங்கள் மாமா கொடுத்த கட்டட வரைபட அனுமதி விண்ணப்பத்தையும் அப்போதுதான் மாற்றி எங்கோ வைத்தீர்களா? "கோப்பு மேலே போயிருக்கிறது" என்று அவர் சாகும்வரை சொன்னவர் யார் என்று இங்கே எழுதட்டுமா?

பழைய எழுத்தர்:
எழுதுங்கள். அந்த வரைபடத்தில் பக்கவாட்டு இடைவெளியே இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொதுச் சுவரில் ஜன்னல் வைக்கக் கேட்டார் உங்கள் மாமா. நான் மறுத்தேன். அன்றிலிருந்து உங்கள் குடும்பத்துக்கு என்மேல் வன்மம். ஊருக்கே தெரியும்.

தேரடித் தெரு:
மாமா கதையை விடுங்கள். அலமாரி எங்கே இருக்கிறது?

வடக்கு ரதவீதி:
சந்தைக் கடை எத்தனை?

குற்றாலச் சாரல்:
ஒரு யோசனை. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் பகுதி சபைக் கூட்டம் நடந்தது, முதல்வரே உட்கார்ந்து மக்களின் குறைகளைக் கேட்டார். கிராம ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை. நம் ஊரிலும் வார்டு வாரியாகக் கூட்டினால் இந்த நாற்காலிச் சண்டையே வராதல்லவா?

ஒன்பதாம் வார்டு:
கூட்டினால் யார் வருவார்கள்? நீங்கள் விமானம் ஏறி வருவீர்களா? கிராம சபைக்கே டீ கொடுத்தால்தான் ஆள் வருகிறது.

பஸ் நிலையம்:
பகுதி சபை கூட்டுவதாக இருந்தால் பஸ் நிலையத்தில் கூட்டுங்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் கழிப்பறையின் அவசியம் எல்லோருக்கும் தானாகப் புரியும்.

தேரடித் தெரு:
இதையும் கேளுங்கள். அடுத்து நம் ஊரை நகராட்சியாகத் தரம் உயர்த்தப்போகிறார்கள் என்று தலைவரின் கணவர் கோயில் கொடை விழாவில் பேசியிருக்கிறார். கவனியுங்கள், தலைவர் பேசவில்லை, கணவர் பேசியிருக்கிறார். பக்கத்துக் கிராம ஊராட்சிகளையும் சேர்ப்பார்களாம். நகரமானால் அவர்களுக்குக் கிராமப்புற வேலை உறுதித் திட்டம் போய்விடும். அந்தக் கிராமத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா?

ஒன்பதாம் வார்டு:
நகராட்சி ஆனால் ஊருக்குப் பெருமை. ஆணையாளர் வருவார், நிதி வரும், பாதாளச் சாக்கடை வரும். உங்களுக்கு ஊர் வளர்வது பிடிக்கவில்லை.

பழைய எழுத்தர்:
முதலில் வருவது வரி. பாதாளச் சாக்கடை வரும் வழி தெரியாது, அதற்கான வைப்புத்தொகைக் கேட்பு அறிவிப்பு மட்டும் வழி தெரிந்து வந்துவிடும். பேரூராட்சியிலேயே இரண்டாம் நிலை, முதல் நிலை, தேர்வு நிலை, சிறப்பு நிலை என்று வருமானத்தை வைத்துத் தரம் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு படி ஏறியபோதும் நம் தெருவில் என்ன மாறியது என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம். அலுவலகத்தில் பணியிடம் கூடியது. எனக்குத் தெரியும், அதில் ஒன்றில் நான் இருந்தேன்.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். பேரூராட்சியில் ஒவ்வொரு தளவாடத்துக்கும் பதிவேட்டில் எண் உண்டு. மர நாற்காலியோ பிளாஸ்டிக்கோ, எண் இல்லாத நாற்காலி அலுவலகத்தில் இருக்க முடியாது. கணவர் உட்கார்ந்த நாற்காலிக்கு எண் உண்டா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கப்போகிறேன். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எண் இருந்தால் அது பேரூராட்சி நாற்காலி, அதில் அவர் எந்த அதிகாரத்தில் உட்கார்ந்தார்? எண் இல்லையென்றால் வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார், அது இன்னும் மோசம்.

வடக்கு ரதவீதி:
ஐயா, அதே பத்து ரூபாயில் ஏழாவது பொருளின் தீர்மான நகலையும் கேட்டால் என்ன?

பழைய எழுத்தர்:
அது தனி மனு, அம்மா. இரண்டையும் கலந்தால் எதற்கும் பதில் வராது. முதலில் நாற்காலி.

ஒன்பதாம் வார்டு:
தாராளமாகக் கேளுங்கள். அப்படியே சொத்து வரி நிலுவைப் பட்டியலையும் கேளுங்கள். ஓய்வுபெற்ற அலுவலர்கள் எத்தனை அரையாண்டு பாக்கி வைத்திருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரியட்டும். தெற்குத் தெருவிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

பழைய எழுத்தர்:
தெற்குத் தெருவில் என் வீட்டு ரசீது வரிசை தப்பாமல் இருக்கிறது. முதலில் உங்களுடையதைப் போடுங்கள். வீட்டுக்கு மட்டுமல்ல, மாடியில் வாடகைக்கு விட்டிருக்கிறீர்களே, அதற்கும் சேர்த்து.

ஒன்பதாம் வார்டு:
மாடி என் தம்பி பெயரில் இருக்கிறது. அவனிடம் கேளுங்கள்.