புதுப்பிப்பு: எழினி என்றே வைத்துவிட்டோம்

மகளுக்கு எழினி என்று வைக்கலாமா, வேலூரில் அதை யாராவது ஒழுங்காகக் கூப்பிடுவார்களா என்று முன்பு கேட்டிருந்தேன். பெயர் வைத்தாகிவிட்டது.

உச்சரிப்பு பற்றி நீங்கள் பயமுறுத்தியது பாதி பலித்தது. குடியாத்தத்து மாமியாருக்கு அவள் 'எயினி', வாழைப்பழமே வாயப்பயம் ஆகிற வீட்டில் வேறென்ன எதிர்பார்ப்பது, ஆனால் அவர் கூப்பிட்டால்தான் குழந்தை சட்டென்று திரும்புகிறாள். தடுப்பூசி போடுகிற இடத்தில் அட்டையை ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு 'எஸ்ஹினி யாரு?' என்றார்கள். ழவுக்கு இசட் எச் போட்டால் இதுதான் கதி, எல் போட்டிருந்தால் எலினி ஆகியிருப்பாள், அதற்கு இதுவே தேவலை.

'அது ஆண் பெயராச்சே' என்றவருக்கு: சரிதான், சங்கப் பாட்டில் எழினி என்று வருபவர்கள் ஆண்கள், பலரும் அதியமான் வழியினர். போளூர் பக்கத்துத் திருமலைக் கல்வெட்டிலும் சேரர் குல எழினி ஒருவர் செய்து வைத்த இயக்கர், இயக்கியர் (சமணக் காவல் தெய்வங்கள்) உருவங்களைப் பின்னால் ஓர் அதியமான் சீர்ப்படுத்தியதாக இருக்கிறது. பழைய வடஆற்காட்டுக்குள்ளேயே கிடைத்த பெயர், விட மனசில்லை. தெருவுக்கு ஒரு யாழினி இருக்கும்போது, இனியில் முடியும் இதைப் பெண் பெயராகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்புறம், பெயர் முடிவாகாமல் திண்டாடுகிறவர்களுக்கு: பிறப்பைப் பதிந்துவிட்டால் 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம். ஆங்கில எழுத்துகளை மட்டும் அங்கேயே நின்று சரிபார்த்து வாங்குங்கள்.